நானூற்றுப் பதினேழாம் எண்

லா பாயிண்ட், மெடலின் தீவு
ஏப்ரல் 11, 2022

டாக்டர் மார்கிட் லின்ட்கார்ட் அவர்களுக்கு,

பயப்பட வேண்டாம், உங்கள் தங்கை இங்காதான். அக்கா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

படகு மறுபடி ஓடத் தொடங்கி இன்று மூன்றாம் நாள். டிக்கெட் கூண்டில் உட்கார்ந்து, அக்கரை பேஃபீல்டிலிருந்து வந்த வாரப் பத்திரிகையைப் பிரித்தேன். நான்காம் பக்கத்தில் உங்கள் படம். சமூக வலைத்தளங்கள் இளம்பிள்ளைகளின் மனதை என்ன செய்கின்றன என்று ஏரிக்கரைப் பள்ளிகளில் நீங்கள் செய்யும் ஆய்வைப் பற்றி மில்வாக்கியில் பேசினீர்களாமே, அந்தப் பேச்சை அப்படியே போட்டிருக்கிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூண்டுக்கு வெளியே நின்ற நம் படகுக்காரன் ஆர்லோவிடம்கூட, "எங்க அக்கா, பாரு" என்று காட்டினேன். அப்புறம் உட்கார்ந்து வாசித்தேன்.

பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று எழுதியது என்று ஒரு வரியை வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். 'அம்மா மீனுக்கு உப்புத் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுப்பாள், அழுவது எனக்குக் கேட்கக்கூடாது என்று.'

இந்த ஏரியைச் சுற்றி மீனுக்கு உப்புத் தேய்க்கிற அம்மாக்கள் நிறையப் பேர் இருப்பார்கள். முணுமுணுக்கிறவள் நான் ஒருத்திதான். அது உங்களுக்கும் தெரியும். டேல் என்னையும் பிள்ளையையும் விட்டுப் போன அந்தக் குளிர்காலத்தில், பக்கத்தில் நின்று கேட்டவர் நீங்கள்.

உங்கள் ஆய்வில் என் மகள் இருந்தாள் என்பது எனக்கே இன்றுதான் தெரியும். பள்ளியிலிருந்து வரும் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போடுவேன். இதிலும் போட்டிருப்பேன். அது என் தப்பு. ஆனால் இது அவள் எழுதியது என்று உங்களுக்கு எப்போது தெரியும்?

பிப்ரவரியில் ஃப்ரேயா உறைந்த ஏரிமேல் போகும் பனிக்கட்டிப் பாதையை விட்டு விலகி நடந்துபோனாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். "ஏன்க்கா இப்படிப் பண்ணினா?" என்று கேட்டேன். "தெரியலையே, இங்கா" என்றீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னீர்கள்.

எனக்குத் தேதி வேண்டும். போன் செய்யாதீர்கள். அவள் போனையும் என் போனையும் பிப்ரவரியிலேயே அணைத்துப் பெட்டியில் பூட்டிவிட்டேன். இந்த வீட்டில் இனி அது கிடையாது. தாளில் எழுதுங்கள்.

இங்கா


மில்வாக்கி
ஏப்ரல் 19

இங்கா,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் மூன்றும் ஆய்வுக் கட்டுரை மாதிரியே வந்தன.

நீ கேட்ட தேதி: நவம்பர் 16, செவ்வாய்க்கிழமை, மதியம். என் அறை ஜன்னலுக்கு வெளியே அந்த வருடத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. அது தரையைத் தொடுவதாகவே தெரியவில்லை, அந்தரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஆய்வு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் தினமும் மாலையில் அன்று கைபேசியில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று குறிப்பார்கள். அன்றைய மனநிலையை ஒரே வரியில் எழுதுவார்கள். எங்களிடம் பெயர் வராது, எண்தான் வரும். பதினோராயிரம் வரிகள் வந்தன. பெரும்பாலும் 'ஓகே', 'போர்', 'பீட்சா' இந்த மாதிரித்தான். நானூற்றுப் பதினேழாம் எண் மட்டும் வேறு மாதிரி எழுதியது. அந்த மீன் வரியைப் படித்ததும் எனக்கு நம் சமையலறை வாசனையே வந்துவிட்டது. அப்போது தெரிந்துகொண்டேன்.

பெயர் தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டக்கூடாது என்பது விதி. பெற்றோரிடம் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்தால் எந்தப் பிள்ளையும் உண்மையை எழுதாது. அந்த விதியை எழுதியவளே நான்தான். அது இன்றும் சரியென்றுதான் நினைக்கிறேன். அதே சமயம் ஆஸ்பத்திரியில் நான் உன்னிடம் சொன்னது பொய். இரண்டையும் சேர்த்து எப்படிச் சுமப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வரியை மேடையில் ஏன் வாசித்தேன் என்று நீ கேட்கவில்லை. பதினோராயிரத்தில் அதுதான் அழகான வரி. அது நம் வீட்டிலிருந்து வந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. இது நியாயம் ஆகாது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை பேஃபீல்டு படகுத்துறை வரை காரில் வந்தேன். பனிமூட்டத்தில் தீவு தெரியவில்லை. படகு வந்தது, போனது, மறுபடி வந்தது. இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். என்ன சொல்ல வந்தேன் என்று அப்போதும் எனக்குத் தெரியாது.

ஃப்ரேயாவின் கால் எப்படி இருக்கிறது?

மார்கிட்


லா பாயிண்ட்
மே 8

அக்கா,

கோபம் தணிந்து அக்கா என்று எழுதவில்லை. 'அவர்களுக்கு' என்று எழுதிக் கை வலிக்கிறது, அவ்வளவுதான்.

கால் ஆறிவிட்டது. இடதுகாலில் இரண்டு விரல் இல்லை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், நடக்கிறாள். பேச்சுத்தான் இல்லை. "சாப்பிட்டியா?" என்றால் தலையாட்டுவாள். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே பாடம் எழுதி அனுப்புகிறாள். மற்ற நேரமெல்லாம் படகுத்துறைப் பலகையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். தண்ணீருக்கு அடியில் யாரோ படுத்திருப்பது போலவும், அவர்கள் எழுந்திருக்கட்டும் என்று காத்திருப்பது போலவும் அப்படி ஒரு பார்வை.

அன்று நடந்ததில் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. மதியம் இரண்டு மணி. பள்ளி விட்டுப் பிள்ளைகள் பனிக்கட்டிப் பாதையில் திரும்பும் நேரம். வழி தெரிவதற்காகப் பாதையோரம் நட்டு வைத்திருக்கும் கிறிஸ்துமஸ் மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வானமும் ஏரியும் ஒரே வெள்ளையாகிவிட்டன. வேன் வந்தது, அவள் அதில் இல்லை. "பாதி வழியில எறங்கிட்டா, நடந்து வர்றேன்னா" என்றான் ஓட்டியவன். ஆர்லோ பனிமேல் ஓடும் காற்றாடிப் படகை எடுத்துக்கொண்டு போனான். நான் கரையில் நின்று கத்தினேன். கத்தினால் சத்தம் போகும் இல்லையா? போகவில்லை, அக்கா. வாயை விட்டு வெளியே வந்ததும் அந்த வெள்ளை அதைத் தின்றுவிட்டது. நான்கு மணி நேரம்.

அதே பத்திரிகையில் நீ சொல்லியிருக்கிறாய், 'சராசரியாகப் பார்த்தால் பாதிப்பு மிகச் சிறியது' என்று. ஆர்லோ அவளைத் தூக்கி வந்தபோது அவள் கண்ணிமையில் பனி உறைந்திருந்தது. சிறியது என்ற அந்தச் சொல்லை இங்கே வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

இன்னொரு கேள்வி. மீனைப் பற்றி மட்டும்தான் எழுதினாளா? வேறு என்ன எழுதினாள்? அதைப் படித்து நீ என்ன செய்தாய்?

இங்கா


மில்வாக்கி
மே 29

இங்கா,

இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். நான் தடுக்க மாட்டேன்.

நவம்பர் 16 அன்று முதலில் படித்தது மீன் வரி அல்ல. அதற்கு முன்னால் இது: 'நான் பனிக்கட்டிக்கு அடியில் இருக்கிற மாதிரி இருக்கு. மேலே எல்லாரும் நடக்கிறது தெரியுது. வெளிச்சம் வருது. சத்தம் வரல.'

ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பேர் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும். நான்கோ ஐந்தோ வந்தால் அன்றே பள்ளி ஆலோசகருக்குத் தகவல் போகும், அவர் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவார். நான் நான்கு போட்டேன். என் மாணவன் டெவனும் நான்கு போட்டான். பிறகுதான் இந்தப் பிள்ளை முன்பு என்ன எழுதியிருக்கிறது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். மீன் வரி அங்கே இருந்தது.

நான் போட்ட நான்கை மறுபடி பார்த்தேன். சொந்தக்காரப் பிள்ளை என்பதால் கூட்டிப் போடுகிறேனோ? வேறு யாருடைய பிள்ளையாவது இருந்தால் இதற்கு நான்கு போட்டிருப்பேனா? இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் நேர்மையாக இருக்க விரும்பினேன். இருபது வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறேன். என் நான்கை அழித்து இரண்டு என்று எழுதினேன்.

டெவன் அறைக்கு வந்தான். "மேடம், இது ரெண்டு இல்ல. இந்தப் பொண்ணுக்கு யாராவது போன் பண்ணணும்" என்றான்.

"கவிதை மாதிரி எழுதற பிள்ளைங்க இப்படித்தான் எழுதும், டெவன்" என்றேன்.

தலைவி நான் என்பதால் என் எண் நின்றது. அன்று ஆலோசகருக்கு யாரும் போன் செய்யவில்லை. அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் செய்திருப்பார்கள். என் தங்கை மகள் என்பதால்தான் அவளை யாரும் கூப்பிடவில்லை.

போன வாரம் பல்கலைக்கழகக் குழுவிடம் இதை எழுத்தில் கொடுத்துவிட்டேன். ஆய்வு இப்போது என் கையில் இல்லை. டெவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உன்னிடம் அப்படிக் கேட்க எனக்குத் துணிவில்லை.

மார்கிட்


லா பாயிண்ட்
ஜூன் 6

படித்தேன். இனி எழுதாதே.


லா பாயிண்ட்
ஆகஸ்ட் 23

அக்கா,

எழுதாதே என்று நான் சொன்னதை நீ கேட்டாய். இரண்டரை மாதம் தபால்காரர் வரும்போதெல்லாம் கடுப்பாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

போன வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது ஃப்ரேயா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் உன் கடிதங்கள். ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன், எடுத்திருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"நாலா, ரெண்டா?" என்றாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஃப்ரேயா, கண்ணு..."

"ரெண்டு பேரும் எவ்வளவு பக்கம் எழுதியிருக்கீங்க! ஏன் நடந்தே, எங்க போனேன்னு ஒருத்தராவது என்னக் கேட்டீங்களாம்மா? பெரியம்மா டெவன்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்களாம். நான் என்ன, தபால் பெட்டியா?"

"பேச மாட்டேங்கிறியே, எப்படிக் கேக்கறது?"

"நீ சாப்டியான்னு மட்டும்தான் கேட்டே."

அது நிஜம்தான், அக்கா. பயத்தில் வேறு எதையுமே கேட்கவில்லை.

அப்புறம் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், எழுதலாம் என்று சொல்லியிருக்கிறாள். ஜனவரியில் ஒருநாள் பள்ளிக்குப் போகும்போது காற்றாடிப் படகில் தூங்கிவிட்டாளாம். வாயைத் திறந்துகொண்டு. யாரோ அதைப் படம் எடுத்துப் பாட்டுச் சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். இரண்டு நாளில் அறுநூறு பேர் பார்த்தார்களாம். தீவில் நாங்கள் முந்நூறு பேர்கூட இல்லை. "எனக்குத் தெரியாதவங்க எல்லாம் நான் தூங்கறதப் பாத்துட்டாங்கம்மா" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு எங்கேயும் கண்ணை மூட முடியவில்லை. வகுப்பில், வேனில், தன் கட்டிலில்கூட.

"அன்னிக்கு வேனிலேர்ந்து பாத்தேன். எல்லாம் வெள்ளையா இருந்தது. அங்க போனா யாருக்கும் தெரிய மாட்டேன்னு தோணிச்சு. சாகணும்னு போகலம்மா. பாக்காம இருக்கணும்னு போனேன். கொஞ்ச தூரம் போனதும் பால்ல நடக்கற மாதிரி இருந்தது. என் கையே எனக்குத் தெரியல. ரொம்ப நாளுக்கு அப்புறம் நிம்மதியா இருந்தது. கண்ண மூடலாம்னு படுத்தேன். அப்புறம் திரும்பி வரணும்னு நெனச்சப்போ எந்தப் பக்கம்னு தெரியல. அப்பதான் பயந்தேன்."

அடுப்பில் உருளைக்கிழங்கு கரிந்துபோனது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

இன்னும் ஒன்று சொன்னாள். அதைத்தான் எழுத முடியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் போனில் அவளுக்கு ஒரு தோழி இருந்தாளாம். கனடாவில், மனிடோபாவின் வடக்கே ஏதோ ஊர். ஓடெட் என்று பெயர். நேரில் பார்த்ததே கிடையாது. தினமும் மாலை பேசிக்கொள்வார்களாம். "படத்தப் பாத்துட்டு சிரிக்காதவ அவ ஒருத்திதான். நீ அவளயும் சேத்துப் பூட்டிட்டே." கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் பெட்டியைத் திறந்தேன். போனுக்குச் சார்ஜ் ஏற அரை மணி நேரமாயிற்று. பிறகு அது நடுங்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. மேசை விளிம்பு வரை நகர்ந்துபோய்விட்டது.

ஓடெட் ஆறு மாதமாகத் தினமும் ஒன்று அனுப்பியிருக்கிறாள். ஒருநாள்கூட விடவில்லை. ஃப்ரேயா போனை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். "வாம்மா" என்றாள். சாயங்கால வெயிலில் ஏரி அசையாமல் கிடந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். 'இன்னிக்கு எங்க ஆத்துல ஐஸ் ஒடஞ்சுது. பீரங்கி மாதிரி சத்தம்.' 'இன்னிக்கு எங்கம்மா மக்ரோனி பண்ணாங்க, கேவலமா இருந்தது.' 'நீ செத்துட்டியான்னு கேக்க பயமா இருக்கு. அதனால கேக்கல. எங்க நாய் குட்டி போட்டிருக்கு, நாலு.' வாசித்துக்கொண்டே வந்தவள் என் மடியில் தலையை வைத்தாள். குரல் தேய்ந்தது. போன் கையிலேயே இருந்தது. தூங்கிவிட்டாள், அக்கா. திறந்த வெளியில், அத்தனை பேர் படகிலிருந்து இறங்கிப் போகிற இடத்தில். கடைசிப் படகு வந்தது. ஆர்லோ பலகையில் கால்வைக்காமல், சத்தமில்லாமல் புல்லில் சுற்றிப் போனான்.

நீ எண்ணைக் குறைத்தாய், நான் பூட்டுப் போட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. உன்னைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது சலிப்பாக இருக்கிறது.

அவள் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். "நான் எழுதினதெல்லாம் எனக்கு வேணும். அது என்னோடது."

இங்கா


மில்வாக்கி
செப்டம்பர் 12

இங்கா,

உன் கடிதத்தை மிஷிகன் ஏரிக்கரையில் உட்கார்ந்து படித்தேன். அறையில் படிக்க முடியவில்லை. படித்து முடித்து நிமிர்ந்தபோது கரையில் இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள்.

ஃப்ரேயாவிடம் சொல், எழுதியவர் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் எழுதிய விதிகளில் இது ஒன்று நல்லது. டெவன்தான் இப்போது ஆய்வை நடத்துகிறான். அவனிடம் போய், வரிசையில் நின்று கேட்டேன். அறுபத்தொரு வரிகள். அவன் அச்செடுத்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தான். "இந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?" என்றான். மே மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியது அதுதான். படகுத்துறையில் தூங்கினாள் என்றேன்.

இனி பிள்ளைகள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மனிதர் பதில் எழுத வேண்டும் என்று அவன் மாற்றியிருக்கிறான். 'படித்தேன்' என்றாவது எழுத வேண்டும். அப்படிச் செய்தால் ஆய்வு கெட்டுப்போகும் என்று முன்பு நான் சொல்லியிருப்பேன். கெட்டுத்தான் போகும். போகட்டும்.

சிறியது என்ற சொல்லைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அந்தக் கணக்கில் தப்பில்லை, இங்கா. மறுபடியும் போட்டுப் பார்த்தேன். சில பிள்ளைகள் அந்தத் திரையால் மூழ்குகிறார்கள், சிலர் அதையே பிடித்துக்கொண்டு மிதக்கிறார்கள். உன் மகள் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்திருக்கிறாள். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் சிறிய எண்தான் வரும். ஆனால் அந்த எண்ணில் யாரும் குடியிருப்பதில்லை. இதை நான் மேடையில் சொல்லியிருக்க வேண்டும்.

உறையை நான் பிரிக்கவில்லை. தபாலில் அனுப்பட்டுமா, கொண்டு வரட்டுமா? அவள் சொல்வதுதான். நான் வந்தால் அவள் என்னைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மார்கிட்


லா பாயிண்ட்
அக்டோபர் 9

அக்கா,

நேற்று நீ வந்துபோனாய். அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய்.

நீ சமையலறையில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் அவள் மாடி அறைக் கதவைத் திறக்கவில்லை. நான் இரண்டு முறை மேலே போய்ப் பார்த்தேன். "வரல" என்றாள். நீ என்னிடம், "பரவால்ல, இங்கா. கூப்பிடாதே" என்றாய். நான் சுட்டு வைத்த ஆப்பிள் பையை நீ தொடவே இல்லை. நாமும் என்ன பேசினோம்? கூரை ஒழுகுவதைப் பற்றி, உன் காரின் சத்தத்தைப் பற்றி. உறையை மேசை நடுவில் வைத்துவிட்டு எழுந்தாய். வாசலில் உன்னைக் கட்டிப்பிடிக்கலாமா என்று நினைத்தேன், அதற்குள் நீ கோட்டைப் போட்டுக்கொண்டுவிட்டாய். துறை வரை வர வேண்டாம் என்றாய்.

நீ போன பத்து நிமிஷத்தில் மாடிப்படியில் சத்தம். கீழே வந்து உறையைப் பிரித்து, நின்றபடியே வாசித்தாள். எல்லாவற்றையும் அல்ல, இரண்டு தாள். முதல் தாளின் மேல் ஓரத்தில் பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்: 'படித்தேன். நான்கு போட்டேன். டெவன்.' அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பெரியம்மா போயிட்டாங்களா?"

"மூணு மணிப் படகு."

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "இல்ல, கண்ணு. கெளம்பியிருக்கும்."

செருப்புக்கூடப் போடவில்லை. எட்டு விரலோடு அந்தப் பிள்ளை ஓடுவதை நீ பார்த்ததில்லை. கொஞ்சம் சாய்ந்து, காற்றில் ஒரு பக்கம் ஒதுங்கும் பறவை மாதிரி ஓடுவாள். நான் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினேன். துறைக்குப் போனபோது படகு நடு ஏரியில் இருந்தது. நேற்று ஏரி எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், மூடுபனியும் வெயிலும் ஒன்றாக. படகு தண்ணீரில் போகிறதா வெளிச்சத்தில் போகிறதா என்றே தெரியவில்லை. பின்பக்கத் தளத்தில் நீ மட்டும் நின்றிருந்தாய், அந்தச் சாம்பல் கோட்டில். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேஃபீல்டு பக்கம் பார்த்தபடி.

அவள் கூப்பிடவில்லை. பலகையின் விளிம்பில் நின்று கையைத் தூக்கினாள். அசைத்தாள். படகு புள்ளியாகிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அசைத்துக்கொண்டிருந்தாள். நீ திரும்பவே இல்லை.

"பாக்கலம்மா" என்றாள்.

"நான் எழுதறேன்" என்றேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். அவள் கையசைத்தாள், அக்கா.

இங்கா